பொக்லைன் கை எட்டாத ஆழம்

"கிணறு தூர் வாரப் பொக்லைன் வைப்பதா, கிரேன் வைப்பதா?"

திருமானூருக்கு வடக்கே, மேட்டுநிலத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில் இந்தக் கேள்வி போன பங்குனியில் கிளம்பியது. கொள்ளிடக் கரையோரம் நிலம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மணலில் குழாய் இறக்கினால் தண்ணீர் வந்துவிடும். மேட்டில் இருப்பவருக்கு அப்பா வெட்டிய கிணறுதான் ஆதாரம். ஆழம் 55 அடி. மேலே பதினைந்து அடிக்குச் செங்கல் கட்டு, அதற்குக் கீழே வெறும் மண்ணும் சுக்கான் பாறையும். பல வருஷமாக மழைக்கு மழை மண் சரிந்து, கீழே எட்டு அடிக்கு மேல் தூர் சேர்ந்துவிட்டது. மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்றை இழுக்கும்.

அவருடைய மகன் பொக்லைன் கட்சி. காலையில் வந்தால் சாயங்காலம் வேலை முடிந்துவிடும், ஆளை இறக்க வேண்டியதில்லை என்பது அவன் வாதம். வாதத்தில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. ஊருக்குள் ஓடும் மஞ்சள் நிற வண்டியின் பின்கை சுமார் 15 அடி ஆழம் போகும். செயின் சக்கரத்தில் ஓடும் 20 டன் பெரிய வண்டி சுமார் 20 அடி. 55 அடிக் கிணற்றில் அந்தக் கை பாதியைக்கூடத் தொடாது. போதாததற்கு, இருபது டன் இரும்பைக் கிணற்று வாயோரம் கொண்டுவந்து நிறுத்தினால், முதலில் உள்ளே போவது அப்பா கட்டிய செங்கல் கட்டாகத்தான் இருக்கும்.

பொக்லைன் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது ஒரு கம்பெனியின் பெயர். பிரான்ஸில் 1927-ல் ஜார்ஜ் பத்தாய் என்பவர் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய பட்டறைதான் பிறகு பொக்லைன் ஆனது. 1950-களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மண்வாரியைச் செய்தார்கள். நம் நாட்டில் எல் அண்ட் டி நிறுவனம் அவர்களோடு சேர்ந்து அந்த இயந்திரத்தைத் தயாரித்தது. வண்டியில் எழுதியிருந்த பெயரே தமிழ்நாட்டில் அந்த ஜாதி இயந்திரம் முழுவதற்கும் பெயராக நின்றுவிட்டது. இங்கிலாந்தில் ஜே.சி.பி.யைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டும் 1945-ல் முதலில் செய்தது டிராக்டரில் கட்டி இழுக்கும் டிரெய்லர்தான். இன்று ஏரி, குளம், வாய்க்கால் எல்லாவற்றிலும் கை வைக்கும் இந்த இரண்டு பெயரும் உழவர் களத்திலிருந்து கிளம்பியவை என்பது பலருக்குத் தெரியாது.

இவை வருவதற்கு முன்னால், நூறு வருஷத்துக்கும் மேலாக, உலகத்தில் மண் தோண்டிய இயந்திரங்கள் சங்கிலியிலும் கயிற்றிலும்தான் ஓடின. திருமானூர் விவசாயிக்கு அந்தக் கதையைச் சொன்னவர், கிணற்றைப் பார்த்து விலை பேச வந்த கிரேன்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். இளவயதில் ஓர் அணை வேலையில் ரோப் வண்டிக்கு எண்ணெய் போடும் பையனாகச் சேர்ந்து, ஆபரேட்டர் ஆகி, பிறகு சொந்தமாகக் கிணறு வெட்டும் கிரேன் போட்டவர். 1960-களில் டெல்கோ கம்பெனி அமெரிக்காவின் பி அண்ட் ஹெச்-சோடு சேர்ந்து செய்த 955 என்ற வண்டி அது. அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் கை தானாக லிவரைப் பிடிப்பதுபோல் மடங்கும். "இப்போ வர்ற வண்டி விரல்ல ஆடுது தம்பி. அது உடம்பு முழுக்கக் கேட்கும். ரெண்டு கை, ரெண்டு காலு, காது. காது ரொம்ப முக்கியம். ரோப்பு முனகுறது கேக்கணும்" என்பார்.

முதல் இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. வில்லியம் ஓட்டிஸ் என்ற இளைஞர், ரயில் பாதைக்கு மண் வெட்ட 1830-களில் நீராவி மண்வாரி ஒன்றைச் செய்தார். 1839-ல் காப்புரிமை கிடைத்தது, அதே ஆண்டில் இறந்தும் போனார். வயது 26. அவர் வண்டியில் வாளியைத் தூக்கியது இரும்புச் சங்கிலி. பனாமா கால்வாயை 1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் வெட்டியபோது, புசைரஸ், மரியான் என்ற இரண்டு கம்பெனிகளின் நீராவி மண்வாரிகள்தான் மலையைக் கரைத்தன. நாளடைவில் சங்கிலி போய்க் கம்பிக் கயிறு வந்தது. ஏன் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சங்கிலி சொல்லாமல் அறும். ஒரு வளையம் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. நேற்று வரை தூக்கியது இன்று பட்டென்று விடும். சணல் கயிறு ஈரத்தில் உள்ளேயே மக்கும். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் இந்த இரண்டாலும் அவதிப்பட்ட வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி, 1834-ல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு செய்து பார்த்தார். நான்கு கம்பி ஓர் இழை, மூன்று இழை ஒரு கயிறு. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த முனை வெளியே குத்திக்கொண்டு நிற்கும். கண்ணுள்ளவன் பார்த்துக்கொள்ளலாம். இன்று கிரேனில் இருக்கும் ரோப்பும் அதன் வம்சம்தான். ஆறு இழை, இழைக்கு 19 கம்பி என்பது பரவலான வகை. ஆக 114 கம்பி, நடுவில் எண்ணெய் ஊறிய நார்.

விவசாயிக்குக் கயிறு புதிதல்ல. அவர் சின்னப் பையனாக இருந்தபோது இதே கிணற்றில் கமலை ஓடியது. கமலைக்கு இரண்டு கயிறு உண்டு. தடித்த வடம் சாலைத் தூக்கும். சாலின் தோல் வாலைக் கட்டிய வால்கயிறு கீழ் உருளையில் ஓடும். மாடு சரிவில் இறங்க இறங்க இரண்டும் சேர்ந்து வரும். சால் மேலே வந்ததும் வால் தானாக விரிந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். யாரும் கையால் சாய்க்க வேண்டியதில்லை.

கிரேன்காரர் டிராக்லைனை விளக்கியபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டது இதனால்தான். 1904-ல் சிகாகோவில் ஜான் பேஜ் என்ற ஒப்பந்தக்காரர் செய்த இயந்திரம் அது. நீண்ட கம்பத்தின் நுனியிலிருந்து ஒரு கயிறு வாளியைத் தூக்கிப் பிடிக்கும். இன்னொரு கயிறு வாளியை வண்டியை நோக்கித் தரையோடு இழுக்கும். இழுக்கும்போது மண் நிரம்பும். தூக்கித் திருப்பி, இழுகயிற்றைத் தளர்த்தினால் வாளி கவிழ்ந்து கொட்டிவிடும். "அட, இது இரும்புக் கமலை!" என்றார் விவசாயி. மாட்டுக்குப் பதில் இன்ஜின் என்பதைத் தவிர அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

வண்டி கரையில் நிற்க, வாளி மட்டும் பள்ளத்துக்குள் போய் வருவதால், வாய்க்கால் வெட்ட இதைப்போல் தோதான இயந்திரம் அப்போது இல்லை. சிந்து நதியில் 1923-லிருந்து 1932 வரை சுக்கூர் அணை கட்டியபோது, அதன் பெரிய கால்வாய்களை டிராக்லைன்கள் வெட்டின. நம் பக்கத்தில் நிலைமை வேறு. கூலி மலிவு, இயந்திரம் அரிது. சுதந்திரத்துக்குப் பிறகு எழுந்த நாகார்ஜுனசாகர்கூடப் பெரும்பாலும் தலைச்சுமையில் கட்டப்பட்டதுதான். மண்வெட்டியும் கூடையும் ஏந்திய ஆணும் பெண்ணும் செய்த வேலைக்கு எந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகையும் கிடையாது.

கயிற்றால் மண் அள்ளும் வித்தை மட்டும் இந்தியாவுக்கு முன்பே தெரியும். ஆற்று மணலில் செங்கல் கிணற்றைக் கட்டி, உள்ளிருந்து மணலை எடுத்து எடுத்துக் கிணற்றை இறக்கி, அதன்மேல் கட்டடம் எழுப்புவது இங்கே பழைய முறை. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கட்டிய அணைகள் அப்படிக் கிணறுகள்மேல் நின்றவை. தண்ணீருக்குள் இருக்கும் மணலை அள்ள வட இந்தியாவில் 'ஜாம்' என்ற கருவி இருந்தது. பெரிய மண்வெட்டி போன்றது. ஆள் முங்கிப் போய் அதை மணலில் குத்திவிட்டு வருவான், மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள். அதன் இடத்துக்குப் பிறகு வந்ததுதான், தாடைபோல் திறந்து மூடும் கிராப் வாளி. மணல் ஆறுகளில் பாலத்துக்குக் கிணறு இறக்கும்போது இன்றும் கிராப்தான் ரோப்பில் தொங்கிக்கொண்டு போய் வருகிறது. எண்ணெய்க் கை அங்கே எட்டாது.

பூமிக்கு மேலே நடக்கும் வேலையை 1960, 70-களில் எண்ணெய் அழுத்த இயந்திரங்கள் பிடுங்கிக்கொண்டன. ஓட்டப் பழகுவது சுலபம், வாளியை மண்ணுக்குள் அழுத்தவும் முடியும். ரோப் வாளி தன் எடையால்தான் மண்ணைக் கடிக்கும். ஆனால் ஆழமும் தூரமும் வேண்டிய இடங்களில் ரோப் அசையவில்லை. சிங்க்ரௌலி நிலக்கரிச் சுரங்கங்களில் 96 மீட்டர் கம்பத்தோடு, ஒரு வாளிக்கு 24 கன மீட்டர் மண் அள்ளும் டிராக்லைன்கள் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் 1969-ல் ஓடத் தொடங்கிய 'பிக் மஸ்கி'யின் வாளி 220 கன கெஜம். இங்கிலாந்தில் 'சண்டியூ' என்ற டிராக்லைனை 1974-ல் ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கழற்றினால் செலவு என்று சுமார் 13 மைல் நடத்தியே கூட்டிப்போனார்கள், வயலையும் சாலையையும் கடந்து. ஆயிரத்து ஐந்நூறு டன்னுக்கு மேல் எடை. அந்த வயல்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று திருமானூர் விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்வியும்கூட.

இந்தப் பெரிய குடும்பத்தின் மிகச் சின்ன உறுப்பினர்தான் தமிழ்நாட்டுக் கிணற்றுக் கிரேன். நட்ட ஒரு கம்பம், சுழலும் ஒரு கை, பழைய டீசல் இன்ஜின், உருளை, ரோப், ஒரு இரும்பு வாளி. எந்த ஊரில் முதலில் செய்தார்கள் என்று பலகை கிடையாது. லேத்துப் பட்டறைகளில் பிறந்து பரவியது. இதன் ஆதாயம் 55 அடியானாலும் 100 அடியானாலும் ரோப் போய்வரும் என்பது. இதன் ஆபத்தும் அதுதான். டிராக்லைனில் வாளிக்கடியில் ஆள் கிடையாது. கிணற்றில் மூன்று பேர் இருப்பார்கள், ஒதுங்க இடமும் இருக்காது. ரோப் அறுந்து கிணறு வெட்டும் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. நாலு வரிச் செய்தி, அடுத்த நாள் மறந்துபோகும். வேலைக்குப் போனவர்களின் வீட்டில் அப்படி மறப்பதில்லை.

சித்திரை முதல் வாரம் கிரேன் வந்து இறங்கியது. கிணறு வெட்ட ஐந்து பேர். கம்பம் நட்டு, பின்கால்களுக்குக் கல் மூட்டை ஏற்றி, மறுநாள் காலையில் வேலை தொடங்க வேண்டும். அன்று சாயங்காலம் கிரேன்காரர் ரோப்பை முழுவதுமாக உருளையிலிருந்து இறக்கி, களத்தில் நீளமாகப் போட்டு, கையில் ஒரு கந்தல் துணியோடு நடந்தார். துணியை ரோப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடப்பது. அறுந்த கம்பி இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையில் செய்தால் உள்ளங்கை கிழியும்.

பாதி தூரத்தில் துணி மாட்டியது. உட்கார்ந்து எண்ணினார். ஓர் இழை ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தால், அல்லது அந்த நீளத்தில் ஒரே இழையில் மூன்று அறுந்திருந்தால், அந்த ரோப் முடிந்தது என்பது கிரேன் தொழிலில் பொதுவாகப் பார்க்கும் கணக்கு. அவர் எண்ணியது எட்டு. ரோப்பை வளைத்து உள்ளே பார்த்தார். நார் காய்ந்து, செந்துரு தூளாகக் கொட்டியது.

"நாளைக்கு வேலை இல்லை தம்பி. புது ரோப்பு வந்தாத்தான்."

பக்கத்து வயல்காரர் சிரித்தார். போன மாசம் தன் மைத்துனர் கிணற்றில் இதே ரோப்தான் தூக்கியது, ஒன்றும் ஆகவில்லையே என்றார். தூக்கியது உண்மைதான். அறும் நாள் வரைக்கும் எல்லா ரோப்பும் தூக்கும். மகனுக்கும் எரிச்சல். புது ரோப் வாங்கக் கிரேன்காரருக்கு முன்பணம் வேண்டும். திருச்சிக்குப் போய்வர வேண்டும். அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டால் கிணற்றில் தண்ணீர் ஏறி, இந்த வருஷ வேலையே தள்ளிப்போகும். முன்பணம் கேட்கத்தான் கிழவர் நாடகம் ஆடுகிறார் என்றுகூட ஒருவர் சொன்னார். விவசாயி யோசித்தார். ஆடிப் பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

அதுவரை வாயே திறக்காமல் களத்து மூலையில் புளி உடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பேசினார். "நம்ம கிணத்துல ஒரு உயிரு போயிட்டா, அப்புறம் அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறது? நீங்க குடிப்பீங்களா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிரேன்காரரும் மகனும் கிளம்பினார்கள்.

வாங்கி வந்தது 12 மில்லிமீட்டர் ரோப். மாட்டும்போது கிரேன்காரர் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் காட்டியவற்றில் சில, கிணறு தூர் வாரக் கிரேன் அமர்த்தும் எந்த வீட்டுக்காரரும் நேரில் பார்த்துவிடக் கூடியவை. முதலில் கப்பி. 12 மில்லிமீட்டர் ரோப்புக்குக் கப்பியின் குறுக்களவு ஒன்பது, பத்து அங்குலமாவது இருக்க வேண்டும். சின்னக் கப்பியில் ரோப் ஒடிந்து ஒடிந்து சீக்கிரம் சாகும். பழைய ரோப் செத்ததற்கு அந்த ஏழு அங்குலக் கப்பியும் ஒரு காரணம் என்று அவரே சொல்லி, கப்பியையும் மாற்றினார். அடுத்து, வாளி கிணற்று அடியைத் தொடும்போதும் உருளையில் குறைந்தது மூன்று சுற்று ரோப் மிச்சம் இருக்க வேண்டும். கடைசிச் சுற்றும் கழன்றால் எடை முழுவதும் ஒரே ஒரு ஆணியில் நிற்கும்.

பிறகு கிளாம்பு. ரோப் நுனியை வளைத்து, வளைவுக்குள் இரும்பு லாடம் வைத்து, மூன்று கிளாம்பாவது போட வேண்டும். ஒன்றுக்கொன்று இடைவெளி ரோப் பருமனைப்போல ஆறு மடங்கு. கிளாம்பின் வளைந்த போல்ட் மடித்துவிட்ட குட்டை நுனிப் பக்கம் வர வேண்டும், தட்டையான சேணம் எடை தாங்கும் நீள ரோப்பின்மேல் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் நல்ல ரோப்பையே நசுக்கிவிடும். நிறையக் கிரேன்களில் இது மாறித்தான் கிடக்கிறது. முதல் சுமை தூக்கி இறக்கியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், ரோப் இளைத்துக்கொடுக்கும். பிரேக் பட்டையில் எண்ணெய் சிந்தியிருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் அவர் யாரையும் பேசவே விடவில்லை. வாளியில் ஆள் ஏறி இறங்கக் கூடாது. அவசரத்துக்கு ஒருமுறை என்பதும் கிடையாது. இறங்க இரும்பு ஏணி, இடுப்பில் தனிக் கயிறு, அந்தக் கயிறு கிரேனில் இல்லாமல் கரையிலிருக்கும் புளியமரத்தில் கட்டியது. வாளி மேலே போகும்போது கீழே இருப்பவர்கள் சுவரோரம் ஒட்டி நிற்க, ஒரு பக்கம் சுவரைக் கொஞ்சம் குடைந்து இடம் செய்துகொடுத்தார்கள். வாளியை விளிம்பு வரை நிரப்பவும் விடவில்லை. மேலே கூம்பாக நிற்கும் ஒரு கல் 40 அடியிலிருந்து விழுந்தால், அதற்கு ரோப் அறுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினை உள்ளே இறக்கும் யோசனையும் எழுந்தது. புகை கிணற்றுக்குள் தேங்கும் என்று தள்ளிவிட்டு, கரன்ட் மோட்டாரையே வைத்துக்கொண்டார்கள். அதுவும் ஆட்கள் மேலே வந்த பிறகுதான் ஓடும்.

வேலை ஒன்பது நாள் நடந்தது. நடுவில் ஒரு ராத்திரி மழை பெய்து பயமுறுத்தியது, மூன்று அடி தண்ணீர் ஏறியது, இறைத்தார்கள். எட்டாம் நாள் மத்தியானம் வடகிழக்கு மூலையில் பழைய ஊற்றுக்கண் திறந்து, வெட்டுகிறவர்களின் முழங்கால் நனைந்தது. மேலே கேட்ட சத்தத்தில் என்னவோ ஏதோவென்று விவசாயியின் மனைவி வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

கிரேனைக் கழற்றி டிராக்டரில் ஏற்றும் அன்று, பழைய ரோப் களத்திலேயே கிடந்தது. பக்கத்து வயல்காரர் விலைக்குக் கேட்டார். கன்றுக்குட்டிக் கொட்டகைக்கு இழுத்துக் கட்ட ஆகும் என்றார். கிரேன்காரர் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. உளியையும் சம்மட்டியையும் எடுத்து, ரோப்பை மூன்று முழத்துக்கு ஒரு துண்டாக வெட்டத் தொடங்கினார். "முழுசாக் கொடுத்தா இன்னைக்குக் கொட்டாயில இருக்கும். ஆறு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தன் கிரேன்ல கட்டிடுவான். துண்டாக் கொண்டு போங்க." மகன் துண்டுகளைப் பிடித்துக்கொடுத்தான். ஏழாவது துண்டில் அந்த எட்டு கம்பி முனைகள் இருந்தன. அவன் அதை மட்டும் தனியாக எடுத்து மோட்டார் கொட்டகையில் மாட்டி வைத்தான்.